பச்சை போடச் சொன்னவள்

செல்வியின் மகனுக்குக் காய்ச்சல் அடித்தபோது, கைப்பேசிச் செயலியில் காய்ச்சல் இல்லை என்று பதியச் சொன்னவள் நான். இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. அவள் தொல்லை பொறுக்காமல் சொன்னேன்.

நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. ஆறுதல் மட்டும் சொல்லாதீர்கள்.

என் மகளுக்கும் அவள் மகன் கவினுக்கும் ஒரே நோய்... இரத்தப் புற்றுநோய். கண்டி ஆஸ்பத்திரியில் ஒரே வாட்டில் சிகிச்சை. நான் நகரத்து அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். செல்வி பன்விலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது எங்கள் கைப்பேசிகளில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளையின் உடல் வெப்பத்தை அளந்து தினமும் பதிய வேண்டும். முப்பத்தெட்டு செல்சியஸைத் தாண்டினால் திரை சிவக்கும், வாட்டிலிருந்து அழைப்பார்கள், உடனே ஓட வேண்டும். இல்லாவிட்டால் பச்சை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஆங்கிலமும் சிங்களமும் இருந்தன, தமிழ் இல்லை. அதைச் செய்தவர்களுக்குத் தேயிலை மலையிலும் பிள்ளைகள் இருப்பது தெரியாதா? தாதி, சிங்களம் தெரிந்த என்னைக் கூப்பிட்டு, "நீங்க அவங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்றார். அத்தோடு அவர்கள் கை கழுவிவிட்டார்கள்.

அந்தக் கோபம் இன்னும் எரிகிறது. ஆனால் அதன் பின்னால் நான் ஒளிந்துகொள்ள முடியாது...

செல்வி ஓயாமல் அழைத்தாள். "அக்கா, என்னமோ எழுத்து வருதுக்கா, என்னான்னு சொல்றீங்களா?" அலுவலகத்தில் இருக்கும்போது, மகளுக்குச் சோறூட்டும்போது, பேருந்தில் நிற்கும்போது. முதலில் பொறுமையாகச் சொன்னேன். பிறகு அவள் பெயரைத் திரையில் கண்டாலே பல்லைக் கடித்தேன்.

ஒரு மழைநாள் மாலை. என் மகள் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தலையைப் பிடித்திருந்தேன். செல்வி அழைத்தாள்.

"கவினுக்கு மேலு சுடுதுக்கா. முப்பத்தெட்டரை காட்டுது. போன தடவ ஓடி வந்தோம், ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. இப்ப பஸ்ஸும் இல்ல. ஆட்டோ புடிச்சு வரவாக்கா?"

வரத் தயாராகத்தான் இருந்தாள். நான்தான் தடுத்தேன்.

"முப்பத்தேழுன்னு போடு செல்வி. காய்ச்சல் பாணி மருந்து குடு. காலையில பாத்துக்கலாம்."

"அப்ப ஒண்ணும் ஆகாதுதானே?"

"ஆகாது. வை போன."

எனக்குத் தெரியாதா? இந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் சற்றும் தாமதிக்கக் கூடாது என்று தாதி எச்சரித்ததை, இதே வாயால் அவளுக்குத் தமிழில் சொன்னவளே நான்தானே!

மறுநாள் கவினை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். கிருமி இரத்தத்தில் கலந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் கிடந்து பிழைத்தான். ஆனால் காது கேட்காமல் போயிற்று. நோயாலா, மருந்தாலா... எவரும் உறுதியாகச் சொல்லவில்லை.

டொக்டர் செயலியைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சீறினார். அதை மொழிபெயர்க்க யாரை அழைத்தார்கள் தெரியுமா? என்னைத்தான்.

"நீ ஏன் பொய்யா போட்டேன்னு கேக்குறாரு" என்றேன்.

செல்வி என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியாம போட்டுட்டேன்னு சொல்லுங்கக்கா."

சொன்னேன். அப்படியே, ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னேன்.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? பெருந்தன்மை என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னையும் இழந்தால் அந்த வாட்டில் அவளுக்காகப் பேச வேறு வாய் கிடையாது. அவள் மௌனம் மன்னிப்பு அல்ல, வேறு வழியில்லாமை. அதை நினைக்கும்போதெல்லாம் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அவள் கணவன் இன்றும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிள்ளையைக் கெடுத்தவள் என்று அவர்கள் குடியிருக்கும் லயமே பேசுகிறதாம். என் மகளோ குணமாகிப் பள்ளிக்கூடம் போகிறாள்.

சென்ற கிளினிக் நாளிலும் செல்வி என்னை அழைத்தாள். டொக்டரின் அறைக்குள் போனோம். அன்று உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் போனேன்... வாயைத் திறந்தேன். கவினுக்குப் பசியெடுப்பதில்லை என்று அவள் சொன்னதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.