நத்தார் பேய்க்கதையும் றெஜினா அக்காவின் கதவும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ நத்தார்ப் பண்டிகை கடந்துவிட்டது. பேனையை எடுப்பேன், சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வேன், பிறகு வைத்துவிடுவேன். றெஜினா அக்கா உயிரோடு இருந்தவரை அவரைப் பற்றி எழுத மனம் துணியவில்லை. போன மழைக்காலத்துக்கு முன் அவரை அடக்கம் செய்தோம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள்; சொல் பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி மழை தகரக் கூரையில் இரைய, குசினியில் கொதிக்கும் தேங்காய் எண்ணெய்க்குள் "கொக்கீஸ்" பலகார அச்சு இறங்கும் சத்தமும், கேக்குக்கு வெட்டிய பிளம்ஸும் இஞ்சிப்பாகும் கலந்த மணமும் வந்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது பாலன் குடில் அல்ல, பேய்தான். ஆண்டவர் மன்னிக்க வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் ஒழுங்கைத் தெருவில், நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் ரேடியோவில் சினிமாப் பாட்டுப் போடக் கூடாது என்று கட்டளை இருந்தது. பேய்க்கதைக்கு மட்டும் ஒருவரும் தடை சொன்னதில்லை. கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கிற அந்த நாட்களில், பின்னேரமானால் பெண்களும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில் கூடிப் பலகாரம் செய்ய, அப்பாவின் தமக்கை ஞானம் மாமி அட்டை போன பழைய நத்தார் சிறப்பு மலர்களை எடுத்துக்கொண்டு கதிரையில் அமருவார். அவற்றில் நத்தாருக்கு வரும் ஆவிகளின் கதைகள் இருந்தன.

"பேய் இருக்கெண்டு பயந்தால்தான் பிள்ளையள் ஆண்டவரைத் தேடும்" என்பது மாமியின் நியாயம்.

மாமியின் வாசிப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கதையில் சாகிறவருக்கும் பேயாக வருகிறவருக்கும் எங்கள் ஒழுங்கை ஆட்களின் பெயரை வைத்துத்தான் வாசிப்பார். எங்கள் பெயர் வராதா என்று நாங்கள் ஏங்குவோம். ஒருமுறை கதையில் பேய்க்குப் பலியானவள் என்ற பெருமையில் நான் ஒரு வருடம் முழுவதும் திரிந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்த வருடத்தில் பக்கத்து வீட்டு றெஜினா அக்காவும் சின்ன மகள் டிலானியை மடியில் வைத்தபடி பிளம்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் அந்தோனி அண்ணன் ஆடி மாதம் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. வள்ளத்தின் பலகைகள்தான் கரை ஒதுங்கின. உடல் இல்லாமலே இறந்தவருக்கான பூசை வைத்து முடித்திருந்தார்கள்.

மாமி அன்றைக்கு எடுத்தது கடலில் மாண்ட மீனவன் ஒருவன் நத்தாருக்கு முதல்நாள் வீட்டுக்கு வருகிற கதை. அவன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். பதில் சொன்னாலும், கதவு நீக்கலால் எட்டிப் பார்த்தாலும், உள்ளே வந்து பிள்ளையைக் கடலுக்குக் கொண்டுபோய்விடுவான். மாமி ஒரு கணம் நிறுத்தி எல்லாரையும் பார்த்துவிட்டு, "அந்தோனி தலையில பாசியோட வாசலில நிண்டான்" என்று வாசித்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு.

"என்ன றெஜினா, வந்தால் திறப்பியோ?" என்றார் மாமி.

"ஐயோ மாமி, பகிடிக்கும் சொல்லாதேங்கோ" என்று அக்கா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்கும் சிரித்தார்கள்.

நத்தாருக்கு முதல்நாள் "மைமல்" பொழுது, இருள் கவிகிற நேரம். ஒழுங்கை முழுவதும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தது. டிலானிக்குக் காய்ச்சல் என்பதால் அக்கா போகவில்லை. துணைக்கு என்னை விட்டிருந்தார்கள். மழையில் மின்சாரம் போய்விட்டது. விளக்கு வெளிச்சத்தில் குடிலுக்கு நாங்கள் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"றெஜி, நான்தான். கதவைத் திற."

அந்தோனி அண்ணனின் குரல். "அப்பா!" என்று எழுந்த டிலானியின் வாயை அக்கா பொத்தினார். மற்றக் கையால் என்னைச் சுவரோடு சேர்த்து அணைத்தார். அவருடைய உதடு சத்தமில்லாமல் செபமாலை சொன்னது. வெளியே நின்றவர் மறுபடியும் தட்டினார், கெஞ்சினார்.

"பிள்ளையின்ர சத்தம் கேட்டது. உள்ளதான் இருக்கிறாய். எனக்குப் பூசையும் வைச்சு முடிச்சிட்டீங்களாம், கடையில சொன்னவை. சரி. அப்ப நான் செத்தவன்தான்."

காலடி சேற்றில் போகும் சத்தம் கேட்டது. பேய்க்குக் காலடிச் சத்தம் உண்டா என்று கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

கோயிலால் திரும்பி வந்த என் அம்மாதான் படியில் கிடந்த பார்சலைக் கண்டவர். நனைந்த வேற்றுமொழிப் பத்திரிகைக்குள் ஒரு சோடிச் சிவப்புச் சப்பாத்து. டிலானியின் காலுக்கு அது சிறியது. அவர் போனபோது இருந்த அளவை நினைத்து வாங்கியிருக்கிறார். வேறொரு வள்ளம் அவரைத் தூக்கி அந்நிய நாட்டுக் கரையில் விட, அங்கே இத்தனை மாதமும் சிறை மறியலில் இருந்தாராம். சந்திக் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தோம். பஸ் நிலையத்துக்கு ஆட்கள் ஓடினார்கள். பஸ் போய்விட்டது.

அவர் நீர்கொழும்பில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தைமாதம் அக்கா பிள்ளையோடு தேடிப் போனார். கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தாராம்.

"ஆர் அம்மா நீங்கள்? என்ர மனிசி திருகோணமலையில கதவுக்குப் பின்னால இருக்கிறா."

அவ்வளவுதான். குனிந்து வலையைப் பொத்தத் தொடங்கிவிட்டாராம்.

அடுத்த திருவருகைக் காலத்தில் பேய்க்கதை நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. முன் எப்போதும் வராதவர்கள்கூட வந்தார்கள், அதே கதையைத்தான் கேட்டார்கள். றெஜினா அக்காவும் வந்து பழைய இடத்தில் இருந்து பிளம்ஸ் வெட்டினார். மாமிக்கும் மனச்சாட்சி குத்தியதோ என்னவோ, முடிவை மாற்றி, "றெஜினா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்" என்று வாசித்தார்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "மாத்தாதேங்கோ மாமி. நான் திறக்கேல்லை."

"கதைதானே பிள்ளை..."

"கதையெண்டு சொல்லித்தானே அண்டைக்கும் வாசிச்சனீங்கள். உள்ளபடி வாசியுங்கோ."

இனி எல்லாரும் எழும்பிப் போவார்கள் என்று பார்த்தேன். யாரோ பின்னாலிருந்து "பிறகு?" என்று கேட்டார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

நத்தார்ப் பேய்க்கதை ஏன் இவ்வளவு ருசி என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. வெளியே மழை, உள்ளே விளக்கு, கதவின் கொண்டித் தாழ்ப்பாள் நம் பக்கம். வெளியே நிற்பவர் வேறு யாரோ. மாதாவுக்கும் சூசையப்பருக்கும் தங்க இடமில்லை என்று கதவடைத்தவர்களைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு அழுதுவிட்டு வந்துதான், நாங்கள் கதவு திறக்காத கதையைக் கேட்டுப் பலகாரம் தின்றோம்.

இப்போது அந்த ஒழுங்கையில் தகரக் கூரை இல்லை. என் பேரப்பிள்ளைகள் மார்கழி வந்தால் போனில் பேய்ப்படம் பார்த்துப் போர்வைக்குள் சிரிக்கிறார்கள். றெஜினா அக்காவின் வீட்டை வாங்கியவர்கள் இடித்து, உல்லாசப் பயணிகளுக்கு மாடி கட்டுகிறார்கள். கழற்றிப்போட்ட அந்தக் கதவை மண்குவியலில் கண்டேன். உள்பக்கம் கொண்டி இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன. கழற்றிய கொண்டியை அக்கா சாகும்வரை திரும்பப் போடவில்லை.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாருக்காவது சொல்வதென்றால் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் கேட்டு அழுதாலும், உங்களுக்கே மனம் பொறுக்காவிட்டாலும், அக்கா கதவைத் திறந்ததாகச் சொல்லிவிடாதீர்கள்.