பரஸ்தானம் போன கோட்டு

என் மாமனாருக்குப் பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மல்கூட வராது. எனக்கோ பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே தும்மல் வரும். இப்படிப்பட்ட இரண்டு பேர் அரியலூரில் ஒரே வீட்டில் மூன்று வருஷம் குடித்தனம் செய்தோம். நடுவில் இருந்து சமாதானம் செய்யவேண்டிய ஆள், அதாவது அவருக்கு மகனும் எனக்குக் கணவருமான மனிதர், கடலில் இருந்தார்.

அவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாங்கள் ஒன்றாக இருந்தது எழுபது நாள் இருந்தால் அதிகம். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் மாதம் ஒரு முறை, "விசேஷம் ஏதும் உண்டா?" என்பார்கள். "தபால்ல வராதுங்க" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை ணங்கென்று போடுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆகஸ்டு மாதம் அவரிடமிருந்து கனமாக ஒரு கடிதம் வந்தது. கப்பல் செப்டம்பர் கடைசியில் மெட்ராசில் சரக்கு ஏற்றிக்கொண்டு ரஷ்யாவின் வடகோடிக்குப் போகிறது. அந்தத் துறைமுகத்தின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. குளிர் முற்றினால் அங்கே கடலே உறைந்துவிடுமாம், அதற்குமுன் இதுதான் கடைசி நடை. ஆபீசர்கள் மனைவியைக் கூடவே அழைத்துப் போகலாம். இந்த நடை முடிந்ததும் அவரை எண்ணெய்க் கப்பலுக்கு மாற்றப்போகிறார்கள். அதில் பெண்களை ஏற்றமாட்டார்கள். ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ, யாருக்குத் தெரியும்? "வந்தால் இப்போது வா" என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார்.

எனக்கு உலகம் சுற்றிப் பார்க்கும் ஆசையெல்லாம் கிடையாது. பனியும் வேண்டாம், பனிக்கரடியும் வேண்டாம். என் புருஷனோடு மூன்று மாதம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும், அவருக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும் என்று தெரிந்துகொள்ளவேண்டும். அதற்கு வடதுருவம்தான் வழி என்றால் வடதுருவம்.

ஏற்பாடுகள் ஆரம்பமாயின. பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். அவர் காப்பி குடித்துவிட்டுப் போன பத்தாவது நிமிஷம், நான் பள்ளிக்கூடத்து வினாத்தாளை வெளியே விட்டுவிட்டேன் என்று தெருவில் பேச்சு. ஊசி போட்டுக்கொண்டேன், மூன்று நாள் காய்ச்சல் வந்தது. தலைமை ஆசிரியை லீவு கொடுத்தார், ஆனால் காலாண்டுத் தேர்வுத் தாள் அத்தனையும் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்.

குளிருக்குத்தான் எங்களுக்கு வழி தெரியவில்லை. அரியலூரில் குளிர் என்றால் மார்கழியில் காதில் துண்டைச் சுற்றிக்கொள்வதோடு சரி. மாமனார் யோசித்து யோசித்து, ஐஸ் பேக்டரிக்காரரிடம் பேசி என்னை அழைத்துப் போனார். ஐஸ் கட்டி அடுக்கிய அறைக்குள் என்னை நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே கைக்கடிகாரத்தோடு நின்றார். "பழகிக்க அம்மாடி, பழகிக்க!" ஆறு நிமிஷத்தில் பல்லெல்லாம் தந்தியடிக்க வெளியே வந்தேன். "பத்து நிமிசம் நிக்கலாமுல்ல?" என்றார். "நீங்க நின்னு பாருங்க மாமா" என்றேன். அவர் நிற்கவில்லை.

கோட்டு தைக்கும் பொறுப்பை எங்கள் வீட்டுக்கு வடக்கே அடுத்த தெருவில் இருந்த டெய்லர் எடுத்துக்கொண்டார். பெரம்பலூர்ச் சந்தையில் ஆட்டுக்காரர்கள் விற்கும் கறுப்புக் கம்பளி இரண்டு வாங்கிக் கொடுத்தோம். "நான் வக்கீல் கோட்டுதான் டீச்சர் தைச்சிருக்கேன். ஆனா கவலைப்படாதீங்க, உங்களுக்குன்னு ஸ்பெசலா தைக்கிறேன்" என்றார். தைத்து வந்தது வக்கீல் கோட்டுதான். தகரக் கூரைக் கடையில், செப்டம்பர் வெயிலில், அதைப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டெய்லர் தூர நின்று பார்த்துவிட்டு, "கோர்ட்டுல ஜெயிச்சிடுவீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்பும், வியாழன் மத்தியானத்துக்குள் ஏறிவிடவேண்டும் என்று அடுத்த கடிதம் வந்தது. தாள் திருத்தி முடிக்கச் செவ்வாய் சாயங்காலம் ஆகும். ஆகவே புதன்கிழமைதான் நான் கிளம்பமுடியும். மாமனார் பஞ்சாங்கத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

"புதங்கெழம வடக்க சூலம். மெட்ராசு வடக்க. நீ போற ஊரு அதுக்கும் வடக்க. ஆவாது."

"அப்ப கப்பலைத் தெக்கத் திருப்பச் சொல்லுங்க."

"வாயைப் பாரு! பரஸ்தானம் வச்சிடுவோம்."

கிளம்பவேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வரும் நல்ல நாளில் பெட்டியை மட்டும் போகிற திசையில் வேறொருவர் வீட்டில் கொண்டு வைத்துவிடுவது பரஸ்தானம். பெட்டி போனால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதன்பின் ஆள் எந்த நாளில் வேண்டுமானாலும் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடக்கலாம். ஒரே நிபந்தனை, பெட்டி திரும்பி வரக்கூடாது. வந்தால் பரஸ்தானம் கெட்டுவிடும். எனக்கும் இதில் நஷ்டம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. திங்கட்கிழமை காலை நல்ல நேரத்தில் கோட்டும் ஸ்வெட்டரும் அடங்கிய பெட்டி டெய்லர் வீட்டுக்குப் போனது. கடைசி நேரத்தில் மாமனார், "பாஸ்போர்ட்டு, ஊசி புஸ்தகம், கம்பெனி லெட்டரு எல்லாம் அதுலயே போவட்டும். துணி மட்டும் போனா துணிக்குத்தான நல்ல நேரம்?" என்றார். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு மணியாகிவிட்டது. சண்டை போட நேரமில்லாமல் சரி என்றேன். அந்த ஒரு நாள் சண்டை போட்டிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, நான் வகுப்பறையில் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. கப்பல் முந்திக் கிளம்புகிறது, புதன் மத்தியானத்துக்குள் வந்து சேர். மீதித் தாளைக் கணக்கு டீச்சர், "நான் பாத்துக்கறேன், நீ ஓடு" என்று பிடுங்கிக்கொண்டார். அந்த வகுப்பில் எல்லாரும் பாஸ் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மாமனார் தந்தியைப் பார்த்துப் பதறவில்லை. "அதான் பரஸ்தானம் வச்சாச்சே. டெய்லர் வூட்டுல பெட்டியை எடுத்துகிட்டு மத்தியான வண்டியைப் புடி" என்று பெருமையாகச் சொன்னார். ஓடினேன். டெய்லர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. எதிர்வீட்டு அம்மா முறத்தோடு எழுந்து வந்தார்.

"விக்கிரமங்கலம் போயிட்டாங்களே! மச்சினன் பம்புசெட்டுக்கு இன்னிக்குத்தான் கரண்டு குடுக்குறாங்களாம். விருந்து. ஏழு மணி பஸ்சுக்கே போயிட்டாங்க."

"பெட்டி?"

"ஆளில்லாத வூட்டுல பரஸ்தானப் பெட்டியை விடக்கூடாதுன்னு அதையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க டீச்சர். பக்குவமா மடியில வச்சிகிட்டுத்தான் போனாரு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமனார் முகம் வெளுத்துவிட்டது. "கெழக்க போயிடுச்சா? அங்கேருந்து திரும்பி ஊருக்குள்ள வந்தா பரஸ்தானம் கெட்டுச்சே! இன்னிக்குச் செவ்வாக்கெழம, இன்னிக்கும் வடக்கதான் சூலம். வேணாம் அம்மாடி. தந்தி குடுத்துடுவோம். அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அடுத்த தடவை! "அடுத்த தடவையே கிடையாது மாமா. உங்களுக்குத் தெரியும். உங்க மகனோட நான் வாழவே கூடாதுன்னு நெனைக்கிறீங்க. சமைச்சுப் போட ஆள் வேணும், அதுக்குத்தான் நாளும் கெழமையும்!" என்று கத்தினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

விக்கிரமங்கலத்தில் பம்புசெட்டைக் கண்டுபிடிக்க விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. சிரிப்புச் சத்தம் ரோடுவரை கேட்டது. வரப்பில் ஓடிப் போய்ப் பார்த்தால், குழாயிலிருந்து புதுத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டுகிறது. அதற்கு நேர் கீழே, என் கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டி, டெய்லரின் மச்சினன் நிற்கிறார்! சுற்றிலும் முப்பது நாற்பது பேர். "குளுருதா? குளுருதா?" என்று கேட்கிறார்கள்.

டெய்லர் என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். "டீச்சர்! வாங்க வாங்க! அவ்வளவு தூரம் போறீங்க, ஒரு தடவ சோதிச்சிப் பாத்துடுவோமுன்னுதான். தண்ணி உள்ள போவவே இல்லீங்க!"

அடப் பாவிகளா! திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. தந்தி விஷயத்தைச் சொன்னதும் கூட்டம் பரபரத்தது. கோட்டை நாலு பேர் முறுக்கிப் பிழிந்தார்கள். டெய்லரின் மனைவி ஓடிப்போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். பாஸ்போர்ட்டு முதலான எல்லாம் அதில் பத்திரமாக இருந்தன. பாஸ்போர்ட்டு அட்டையில் மட்டும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். இணைப்புக் கொடுக்க வந்திருந்த கரண்டு ஆபீஸ்காரர் என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ரோட்டில் விட்டார். பெட்டியும் ஈரக் கம்பளியின் ஆட்டு வாடையுமாகப் பஸ்சில் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அரியலூரில் இறங்கும்போது மூன்றரை மணி. மத்தியான வண்டி போயே போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு வாசலில் மாமனார் நின்றார். கையில் என் இன்னொரு பை, ஊறுகாய் ஜாடி, ஒரு தம்ளரில் பால்.

"செவ்வா, புதன் வடக்க போனா பால் குடிச்சிட்டுக் கெளம்பணும். அதுதான் பரிகாரம். குடி" என்றார். குடித்தேன். "பெரம்பலூரு பஸ்சு நிக்கிது. அங்கேருந்து மெட்ராசு பஸ்சைப் புடிச்சா விடியறப்ப போயிடலாம். நானும் பெரம்பலூரு வரைக்கும் வரேன்."

பஸ் கிளம்பியது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்கு இருந்தது, ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எதிரே போன புழுதி அடங்கியதும் அவரே பேசினார். என் பக்கம் திரும்பாமல், முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துப் பேசினார்.

"ஒம்மாமியாளுக்குக் காய்ச்சல் முத்திப்போனப்ப, ஒடனே திருச்சிக்குக் கொண்டு போன்னாரு டாக்டரு. அன்னிக்கு வியாழக்கெழம. தெக்க சூலம். அவ சேலையை ஒரு பையில போட்டு, நல்ல நேரம் பாத்துப் பரஸ்தானம் வச்சிட்டேன். காலைல போயிக்கலாமுன்னு. ஒம்புருசனுக்கு அப்பப் பதினேழு வயசு. 'இப்பவே போவலாம்ப்பா, இப்பவே போவலாம்ப்பா'ன்னு என் காலைப் புடிச்சான். நான் கேக்கல." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பை போயிடுச்சி. அவ போவல."

மாமியார் காய்ச்சலில் போனார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"அதுக்கப்புறம் இன்னும் அழுத்தமாத்தான் நாளு பாத்தேன் அம்மாடி. பஞ்சாங்கம் தப்புன்னா, அவளை நான்தான் கொன்னேன்னு ஆயிடும்ல? அதான் விடல. இன்னிக்கு நீ கத்திட்டுப் போனப்ப, அவன் குரலுதான் கேட்டுச்சி."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெரம்பலூர் வரும்வரை விடவில்லை. மெட்ராஸ் பஸ்சில் ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார், கண்டக்டரிடம் இரண்டு முறை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பஸ் நகர்ந்ததும், "போ போ, பாக்காத" என்று கையை ஆட்டினார்.

மறுநாள் பத்து மணிக்கு நான் கப்பலடியில் நின்றேன். ஈரக் கோட்டு தோளில், தலைமுடி பறந்த கோலத்தில். ஏணியில் இறங்கி வந்த என் புருஷன் முதலில் மூக்கைச் சுளித்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். மேலே அறைக்குக் கூட்டிப்போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்படி வந்தே? நேத்து செவ்வாக்கிழமையாச்சே. அப்பா எப்படி விட்டார்?"

"அவர்தான் பஸ் ஏத்தி விட்டார்" என்றேன். பஸ்சில் அவர் சொன்னதையும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், சொன்னேன்.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "அப்பாவா? அவரே சொன்னாரா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றேன். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தோளைத் தொட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார்.

"சாயங்காலம் ஏணியைத் தூக்கிடுவாங்க. அதுக்குள்ள ஒரு லெட்டர் போடணும். பேனா வச்சிருக்கியா?"

கொடுத்தேன். நாலு பக்கம் எழுதினார். நான் படிக்கவில்லை, முதல் வரி மட்டும் கண்ணில் பட்டது. 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று ஆரம்பித்திருந்தார். கப்பலுக்குப் போன நாளிலிருந்து அப்பாவின் பெயருக்கு அவர் எழுதிய முதல் கடிதம் அது.