அப்பா அழிக்க மறுத்த வீடு

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் பிறந்து, நில அளவைப் பகுதியில் படவரைஞராகப் பணியாற்றி, போர் துரத்த எங்களோடு சிட்னிக்கு வந்தவர். அவருடைய நற்குணங்களை இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். மகளாகிய நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள்.

இங்கே அப்பாவுக்குக் கிடைத்த முதல் வேலை, ஓர் அலுவலகத்தில் பழைய வரைபடங்களைத் திருத்துவது. அவற்றில் ஒன்று, உள்நாட்டுப் புல்வெளியில் இருந்த ஓர் ஏரிப் பகுதி. ஏரி, சில சமவுயரக் கோடுகள், நாலே நாலு வீடுகள். மற்றதெல்லாம் வெறும் வெளி. வீடு என்றால் சின்னக் கறுப்புச் சதுரம், அவ்வளவுதான். கிழக்குக் கரை வீட்டில் ஆளில்லை, புதிய பதிப்பில் அதை எடுத்துவிடு என்றார் மேலதிகாரி. அப்பா நம்பவில்லை. லீவு போட்டு, அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் கார் ஓடினார். அந்த வீட்டில் ஒரு வயோதிபத் தம்பதி எங்களுக்குத் தேநீர் தந்தார்கள். வீட்டை எடுக்கக் கூடாது என்று அப்பா அலுவலகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். ஒன்றுக்கும் பதிலில்லை.

“ரெண்டு பேர்தானே, விடுங்கோவன்” என்றார் அம்மா.

“ஊரில எங்கட வீடு வளவையும் இப்பிடித்தான் படத்தில வெறும் வெளியாக்கினவங்கள். நானும் அதையே செய்யிறதே?”

அந்த வீடு இருந்த பழைய வரைபடத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு அப்பா வேலையை விட்டார். செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி எங்களைப் படிப்பித்தார். பிழைக்கத் தெரியாத மனுசன் என்று உங்களில் சிலர் பேசியது எங்கள் காதிலும் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அப்பா கேட்டது ஒன்றுதான். “அந்தப் பழைய தாள் கவனமா இருக்கே பிள்ளை?”

“ஓமப்பா” என்று வாக்குக் கொடுத்தேன்.

அப்பா போய் எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கன்று, உதவிக்கு வந்தவர்கள் அலுமாரிக்குப் பின்னால் இருந்த அந்தத் தாளை எடுத்து, வெள்ளைப் பக்கம் மேலே வர மேசையில் விரித்து, படையலை வைத்துவிட்டார்கள். வடை எண்ணெய் ஊறிவிட்டது.

“நல்ல தடிச்ச பேப்பர் பிள்ளை. பிரட்டிப் பாத்தனான், ஒண்டும் இல்லை” என்றார் ஓர் அன்ரி.

ஒன்றும் இல்லையா? அதற்காகத்தானே ஒரு மனிதர் தன் தொழிலையே விட்டார்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

சமைத்தவர்களுக்கும், அப்பாவின் பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், தொலைவிலுள்ள ரோவிலிலிருந்து ஓடி வந்த சித்தப்பா குடும்பத்துக்கும் நன்றி. அந்த அன்ரிக்கும் நன்றி. மூன்று நாள் எங்கள் குசினியில் நின்று சமைத்தவர் அவர். பின்னட்டையில் அந்தத் தாளை எண்ணெய்க் கறையோடு அச்சிட்டிருக்கிறேன். கறையின் ஓரத்தில் கறுப்பாய்த் தெரிவது வடைத் துணுக்கு அல்ல. அது ஒரு வீடு. துடைத்துவிடாதீர்கள்.