ஒரு ஸ்டேஜுக்கு மட்டும் டிக்கெட்

இன்று மதியம் காரைக்காலிலிருந்து திருநள்ளாற்றிலுள்ள வீட்டுக்கு, அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

எம்.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு, கல்லூரி கொடுத்திருந்த கணித மென்பொருள் பூட்டிக்கொண்டுவிட்டது. ப்ராஜெக்டுக்காக நான் வரைந்த கடலலை பாதி எழும்பிய நிலையில் அதற்குள்ளேயே நிற்கிறது. திங்கட்கிழமை இண்டர்வியூவில் அதை ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மாணவர் விலை ஒரு ஜோடி செருப்பு விலைதான். படித்து முடித்தவர்களுக்கான விலையோ, இன்னும் கிடைக்காத வேலையின் சம்பளத்தைவிட அதிகம்.

மென்பொருள் கம்பெனியின் இணைய சாட்டில் கேட்டேன்: "ஒரு வாரத்துக்கு மட்டும் கிடைக்குமாங்க?"

"நீங்கள் தற்போது மாணவரா?" என்று பதில் வந்தது.

"போன மாசம் வரைக்கும்."

"மன்னிக்கவும். ஓராண்டு உரிமம் மட்டுமே உண்டு."

போனை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். காற்று தொட்டதும் நெற்பயிர் ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்கு அலையாகப் போயிற்று. என் அலையேதான். யாரோ அதைத் திறந்து வெளியே விட்டதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ.

"ஏம்மா, திருநள்ளாறு தாண்டியாச்சே. எங்க போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஐயோ, கவனிக்கலண்ணே."

"சரி, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கங்க. ஒரு ஸ்டேஜுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தா போதும்."

எடுத்தேன். இறங்கி, வயலோரமாகவே திரும்பி நடந்தேன்.

ஒரு வருடப் பாஸ் எடுத்தால்தான் ஆச்சு என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கம்பெனிக்கு இவரைக் கண்டக்டராக அனுப்ப வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள்.