பதினோரு திருத்தங்கள்

நான் முனைவர் பட்டம் வாங்கிய பல்கலைக்கழகத்துக்கும் இதே மாநிலத்தில் உள்ள இன்னொரு பல்கலைக்கழகத்துக்கும் நெடுநாள் பகை. ஒரு கருத்தரங்க மேடையில் எங்கள் மூத்த பேராசிரியரை அவர்கள் அவமானப்படுத்தினார்கள் என்பது எங்கள் தரப்புக் கதை. அவர்களிடமும் ஒரு கதை இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. மதிப்பீட்டுக்கு அங்கே போன எங்கள் ஆய்வேடுகள் திரும்பி வந்தன. அவர்களுடையதை நாங்கள் திருப்பி அனுப்பினோம். என்னுடையதும் அப்படித் திரும்பி வந்ததுதான்.

புதுக்கோட்டையில் கல்லூரி வேலையில் சேர்ந்த பிறகு, மதிப்பீட்டுக்காக அவர்களிடமிருந்து எனக்கு ஓர் ஆய்வேடு வந்தது. கறம்பக்குடிப் பக்கத்துக் கிணற்று நீரில் உப்பு ஏறுவதைப் பற்றியது. படித்தேன். நன்றாகவே இருந்தது. என் நெறியாளரிடம் போனில் அதைச் சொன்னேன்.

“அங்கிட்டிருந்து வந்ததா? ஒன்னைய எத்தனை மாசம் அலையவிட்டாங்க, மறந்துட்டியா? திருத்தம் போட்டு அனுப்பு.”

பதினோரு திருத்தங்கள் எழுதினேன். ஒன்றுதான் உண்மையான பிழை.

இரண்டு வருடம் கழித்து எங்கள் துறைக்கு ஒரு பெண் கௌரவ விரிவுரையாளராக வந்தார். ஆவூர்க்காரர், விவசாயக் குடும்பம். வருகைப் பதிவேட்டில் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அந்த ஆய்வேட்டை எழுதியவர் அவர்தான். என் மேசைக்கு எதிர் மேசை. ஒரு வருடம் நான் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, ஏன் இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை என்று யாரோ அவரிடம் கேட்டார்கள்.

“ஆய்வேடு திரும்பி வந்திருச்சு மேடம். தண்ணி சாம்பிள் பத்தாதுன்னு ஒரு சார் எழுதிட்டாரு. எங்கப்பா மொபெட்ல வச்சு மறுபடி கெணறு கெணறா கூட்டிட்டுப் போனாரு. எல்லாம் முடியறதுக்குள்ள விண்ணப்பிக்கிற தேதி போயிருச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஆய்வகத்துக்கு வெளியே அவரை நிறுத்தினேன்.

“அந்த சார் நான்தாம்மா.”

“அது நல்லா இல்லையா சார்?”

“நல்லா இருந்துச்சு.”

“அப்பறம் ஏன் சார்?”

பகையைப் பற்றிச் சொன்னேன். கருத்தரங்கு, பேராசிரியர், திரும்பி வந்த என் ஆய்வேடு. சொல்லச் சொல்ல எனக்கே கூசியது.

“இதுல எங்கப்பா என்ன சார் பண்ணுனாரு?”

அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

மறுநாள் துறைத்தலைவரிடம் கேட்டு மேசையை மாற்றிக்கொண்டார். இனி யார் சொன்னாலும் நான் அப்படி எழுத மாட்டேன் என்று நெறியாளரிடம் சொன்னேன். “நீ அவங்க ஆளாயிட்ட” என்று போனை வைத்தவர், இன்றுவரை பேசவில்லை. அதற்குப் பிறகு அங்கிருந்து வந்த மூன்று ஆய்வேடுகளையும் ஒழுங்காகப் படித்துத் தேர்ச்சி கொடுத்தேன்.

அவர் இன்னும் கௌரவ விரிவுரையாளர்தான். வராந்தாவில் எதிர்ப்பட்டால், “வணக்கம் சார்” என்பார். நிற்பதில்லை.