முப்பத்தோராம் பக்கத்துக் கொடி

சிவசாமிக்குக் கை நிதானம் என்று புதுக்கோட்டையில் அந்த அச்சகத்தில் எல்லாரும் சொல்வார்கள். எழுத்துக் கோக்க வந்து சேர்ந்தவர். பத்து வருஷத்தில், எந்தப் பக்கத்தில் எது எங்கே உட்கார வேண்டும் என்று பார்க்கிற ஆளாகிவிட்டார். அதனால் 1956-இல் முதலாளி முத்துராமன் ஒரு சித்திரப் புத்தகம் போடத் துணிந்தபோது வேலையை அவரிடமே விட்டார்.

புத்தகம் அமராவதியின் கைவேலையைப் பற்றியது. நார்த்தாமலையில் இருந்த அமராவதி, தேரைச் சுற்றிக் கட்டும் சீலைகளையும் தேரில் உருளை உருளையாகத் தொங்கும் தொம்பைகளையும் தைப்பவர். சிவப்புத் துணிமேல் வெள்ளை, வெள்ளைமேல் பச்சை என்று வெட்டி வைத்துத் தைப்பார். யாளியின் வாலிலிருந்து ஒரு கொடி கிளம்பும். கொடிக்குள் பூ, பூவுக்குள் கிளி, கிளியின் இறக்கைக்குள்ளும் பொடிப்பொடியாய் இலை. விரல் வைக்க வெறும் இடம் இருக்காது.

இதற்கெல்லாம் மூலம் அவர் பழுப்புத் தாளில் வரைந்து வெட்டி வைத்திருந்த மாதிரிகள். அந்தத் தாளைத் துணிமேல் வைத்து ஓரமாகக் கோடிழுத்துத்தான் துணியை வெட்ட வேண்டும். சிவசாமி போய்க் கேட்டபோது அமராவதி தாள்களைச் சுருட்டிச் சேலைத் துணியில் கட்டிக் கொடுத்தார்.

"தம்பி, பங்குனிக்குள்ள திருப்பிக் குடுத்துருங்க. இது இல்லாம எனக்குக் கை ஓடாது. இந்தப் பெரிய கொடி இருக்கே, இது நான் வரஞ்சதுதான். ஆனா இப்ப வரையச் சொன்னா வராது. அன்னைக்கு வந்துச்சு, அம்புட்டுத்தான்."

"கண்ணுல வச்சுப் பாத்துக்கிறேன் அக்கா" என்றார் சிவசாமி.

அந்தப் பெரிய கொடிதான் வினையானது. நாலு முழ நீளம். சுருக்கிப் படமெடுத்தால் இலையும் கிளியும் ஒன்றோடொன்று ஒட்டிப் பக்கமே கறுப்பாய்ப் போய்விடும். திருச்சியில் படங்களை அச்சுக்கு உலோகத் தகட்டில் பிளாக் செய்து தரும் இன்னாசி, படமெடுக்கிற பலகையில் இரண்டரை முழத்துக்கு மேல் தாள் நிற்காது என்று எழுதியிருந்தார். கையால் நகல் வரைந்து, நகலை வெட்டி அனுப்பியிருக்கலாம். அதற்கு மூன்று நாள் வேண்டும். புத்தகம் வெளியாகும் தேதியை நோட்டீஸ் போட்டு ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது.

சிவசாமி ஒரு மத்தியான வேளையில், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, கத்தரியை எடுத்தார். நடுவில் கொடி ஒருமுறை வளைந்து திரும்பும் இடத்தையும், அதில் இருந்த இரண்டு கிளிகளையும் எடுத்துவிட்டு, இரு பக்கத்தையும் பசை தடவி ஒட்டினார். ஒட்டு தெரியவில்லை. அவர் கை அப்படி. மிஞ்சியிருந்த பக்க ஓரங்களையும் நேராக்கினார். சாயங்காலம் தரை கூட்டியபோது வெட்டிய துண்டுகள் கழிவுத் தாளோடு போயின. சிவசாமி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்து போய்த் தேடவில்லை.

புத்தகம் நன்றாகவே வந்தது. வெளியீட்டு விழாவில் எல்லாரும் முப்பத்தோராம் பக்கத்தில்தான் நின்றார்கள். "கொடி எப்படிக் கச்சிதமா உக்காந்திருக்கு பாருங்க" என்று ஒருவர் சொன்னார். முன்வரிசையில் இருந்த அமராவதி அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் சிவசாமியிடம் வந்தார்.

"தம்பி, கொடி கொறையுதே. தாள் எங்க?"

சிவசாமி பதில் சொல்வதற்குள் முத்துராமனும் பக்கத்தில் வந்து நின்றார். முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் சிவசாமிக்கு வாயில் வந்த வார்த்தை வேறாகிவிட்டது.

"பிளாக் போடுற எடத்துல கிழிச்சுட்டாங்க அக்கா. மிச்சத்த ஒட்டித்தான் போட வேண்டியதாப் போச்சு."

அமராவதி மண்டபத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "எவன் கைபட்டுச்சோ, அந்தக் கை வெளங்காமப் போகட்டும்" என்றார். அழவில்லை. முத்துராமன் அன்றே இன்னாசிக்கு ஒரு கார்டு எழுதினார், இனி இந்த அச்சகத்திலிருந்து வேலை வராதென்று. இன்னாசியிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. 'தாள் வந்தபோதே ஒட்டியிருந்தது ஐயா' என்று இரண்டிலும் எழுதியிருந்தார். இரண்டையும் பிரித்துப் படித்தது சிவசாமி. இரண்டையும் முதலாளியிடம் கொடுக்காமல் மடித்து வைத்துக்கொண்டதும் அவர்தான்.

நாளானால் ஆறிவிடும் என்று நினைத்தார். ஆறவில்லை. கத்தரியைக் கையில் எடுத்தாலே அந்தச் சாபம் காதில் விழும். மனைவி செவந்தி, "என்னத்தையோ மனசுல வச்சுக்கிட்டு மருகுறீங்க" என்று எத்தனையோ தடவை கேட்டும் தலைவலி என்றே சொல்லிவந்தார். நார்த்தாமலைப் பக்கம் போகும் பஸ்ஸில்கூட ஏறுவதில்லை.

1961 பங்குனியில் செவந்திக்கு ஒரு நேர்த்திக்கடன். தவிர்க்க வழியில்லாமல் நார்த்தாமலைத் தேருக்குப் போனார். நல்ல வெயில். தேர் அசைந்து வந்தபோது தொம்பைகளைப் பார்த்தார். சிவப்பில் வெள்ளைக் கொடி, வளைந்து போய், ஓர் இடத்தில் திரும்ப வேண்டியது திரும்பாமல் நேரே போனது. அவர் பசை தடவிய இடம். அடுத்த தொம்பையிலும் அப்படியே. பக்கத்தில் நின்றவரிடம் யார் தைத்தது என்று கேட்டார்.

"இது அறந்தாங்கி டெய்லரு. எல்லாம் அந்தப் புத்தகத்தப் பாத்துத் தைக்கிறதுதான். இப்ப எல்லா ஊர்த் தேர்லயும் இந்தக் கொடிதானே."

சிவசாமி தேர் நிலைக்கு வரும்வரை நிற்கவில்லை. செவந்தியைக் கோயிலில் இருக்கச் சொல்லிவிட்டு அமராவதியின் வீட்டுக்குப் போனார். அவர் மெஷினில் உட்கார்ந்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, எம்புட்டு நாளாச்சு" என்றார்.

"அக்கா, தாள இன்னாசி கிழிக்கல. நான்தான் வெட்டுனேன்."

மெஷின் நின்றது. அமராவதி துணியை மெஷினிலிருந்து எடுத்து மடித்து வைத்தார். பிறகு அவர் கேட்டதைச் சிவசாமி எதிர்பார்க்கவில்லை.

"அந்த ரெண்டு கிளியில ஒண்ணு கீழ குனிஞ்சிருக்கும். இன்னொண்ணு எங்கிட்டுப் பாக்கும்? எனக்கு மறந்துபோச்சு, தச்ச பழைய சீலையும் இத்துப்போச்சு. அதான் திரும்ப வரைய ஒக்காந்தா வரமாட்டேங்குது. நீங்கதான் கடைசியாப் பாத்தீங்க. சொல்லுங்க."

சிவசாமி யோசித்தார். தாளின் நீளம் ஞாபகம் இருந்தது, வெட்டிய அகலம் ஞாபகம் இருந்தது. கிளி ஞாபகத்துக்கு வரவில்லை. பார்த்திருந்தால்தானே வரும்? அங்கேதான் அவர் உடைந்தார். மாறி மாறிக் கன்னத்தில் அறைந்துகொண்டார்.

"அத நிறுத்துங்க" என்றார் அமராவதி. குரலில் இரக்கம் இல்லை. "நான் விட்ட சாபம் அந்த மனுசன் தலையிலதானே கெடக்கு. மொத அங்கிட்டுப் போங்க. எங்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது?"

மறுநாளே திருச்சிக்குப் போனார். இன்னாசி பிளாக் தொழிலை விட்டு, ஒரு ஸ்டுடியோவில் படம் கழுவும் வேலையில் இருந்தார். சிவசாமி சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவுமில்லை, அடிக்கவுமில்லை.

"அஞ்சு வருசம். ராத்திரி பகலா யோசிச்சு, நான்தான் கிழிச்சேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஒங்க மொதலாளி பேச்ச வச்சுக்கிட்டு மத்த அச்சகக்காரங்களும் என்னை விட்டாங்க. நேர்ல சொன்னா மட்டும் பத்துமா? எழுத்துல வேணும்."

ஊர் திரும்பிய சிவசாமி நடந்ததைச் சொல்லி, அதை ஒரு சீட்டாக அச்சடிக்க வேண்டும் என்றதும் முத்துராமன் கோபப்பட்டார். "முடிஞ்ச கதையக் கிளறாதய்யா. தன் தப்பத் தானே அச்சடிக்கிறவன எங்கயாவது பாத்திருக்கியா?" என்றார். மடித்து வைத்திருந்த இரண்டு கடிதங்களையும் சிவசாமி மேசைமேல் வைத்தார். முதலாளி இரண்டாவதைப் படித்து முடித்தபின், "என்னமோ செய்" என்று எழுந்து போனார்.

சிவசாமி தன் கையாலேயே எழுத்துக் கோத்தார். 'முப்பத்தோராம் பக்கத்துக் கொடி முழுமையானதன்று. அதன் ஒரு வளைவையும் இரு கிளிகளையும் வெட்டி நீக்கியவர் இந்நூலின் பக்கங்களை அமைத்த சிவசாமி. பிளாக் செய்த இன்னாசி இதற்குப் பொறுப்பல்லர்.' அலமாரியில் விற்காமல் கிடந்த பிரதிகளில் ஒவ்வொன்றாக அந்தச் சீட்டை ஒட்டினார். முதல் பிரதியைத் திருச்சிக்கு அனுப்பினார். ஒரு மாதம் கழித்து இன்னாசியிடமிருந்து ஒரு வரி வந்தது: 'என் பெண்சாதிக்குப் படித்துக் காட்டினேன்.' அதற்கு மேல் எதுவும் இல்லை.

இரண்டாவது பிரதியை நார்த்தாமலைக்கு நேரில் கொண்டுபோனார். அமராவதி சீட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். "சரி" என்றார். அவர் மடியில் புதுத் தாள் இருந்தது. கொடியில்லை, அன்னங்கள். கிளி அதற்குப் பிறகு அவர் வரையவே இல்லை.

ஏற்கெனவே விற்றுப்போன பிரதிகளைச் சிவசாமியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எந்த ஊரில் எந்த டெய்லரிடம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? வேலை நிமித்தமாக வெளியூர் போகும்போதெல்லாம், தையல்கடை கண்ணில் பட்டால் உள்ளே போய், "இந்தப் புத்தகம் இருக்குங்களா?" என்று கேட்பார். இருந்தால், பையிலிருந்து சீட்டை எடுத்து ஒட்டிக்கொடுப்பார். 1968-இல் அவர் சொன்ன கணக்குப்படி, அப்படி ஒட்டியது பதினேழு.