சங்கல்பத்துக்கு டெலீட் பட்டன் உண்டா?

சில நாட்களுக்கு முன் ஒரு காலை. காபியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மாடி போர்ஷனில் குடியிருக்கும் பெண் ஓடி வருகிறாள். கையில் ஃபோன்... முகம் வெளிறிப் போயிருக்கிறது.

“அக்கா, நெட்ல வந்துட்டத அழிக்க முடியுமாக்கா?”

அவளை மாலதி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் வேறு. ஏன் மாற்றினேன் என்று கேட்காதீர்கள் – இந்தப் பத்தியும் நெட்டில்தானே வரப்போகிறது! அவளிடம் படித்துக் காட்டி, அவள் மாற்றச் சொன்னதையெல்லாம் மாற்றிய பிறகே அனுப்பியிருக்கிறேன். அதனால் அவள் நிஜமாகவே என் வீட்டு மாடியில்தான் இருக்கிறாளா, இந்த ஊரில்தான் இருக்கிறாளா என்ற ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம்.

மாலதிக்கு ஒரு பெண் குழந்தை. கணவனின் அடி தாங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தவள். செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை. கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. ‘எங்க இருந்தாலும் குழந்தைய தூக்கிட்டு வராம விடமாட்டேன்’ என்று அவன் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பது சொந்தத் தங்கைக்கும் வக்கீலுக்கும் மட்டும்தான் தெரியும். ஃபோன் நம்பர் புதிது. ஸ்டேட்டஸில் போட்டோ கிடையாது. கூரியர்கூட என் பெயருக்குத்தான் வரும்.

அவ்வளவு ஜாக்கிரதையான பெண் நெட்டில் எப்படி மாட்டினாள்?

தங்கைதான் கண்டுபிடித்திருக்கிறாள். சும்மா ஒரு ஆசையில் அக்கா மகளின் பெயரைத் தேடுதளத்தில் தட்டிப் பார்த்திருக்கிறாள். முதல் வரியிலேயே வந்து நின்றிருக்கிறது ஒரு வீடியோ. பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் ஒரு பிள்ளையார்... பின்னணியில் குருக்களின் கணீர்க் குரல். குழந்தையின் பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் சொல்லி அர்ச்சனை நடக்கிறது. கீழே எழுத்தில் – குழந்தை பெயர், அம்மா பெயர், என் வீட்டு முகவரி, மாலதியின் புது ஃபோன் நம்பர். கமா, புள்ளி ஒன்றுகூடப் பிசகவில்லை.

நடந்தது இதுதான். போன பௌர்ணமி அன்று குழந்தையின் ஜென்ம நட்சத்திரம். பௌர்ணமி என்றால் இந்த ஊரில் ரிசப்ஷனில் இருப்பவர்களுக்கு லீவு கிடைக்குமா? மூச்சு விடவே நேரம் இருக்காது. யாரோ சொன்னார்கள் என்று கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி இருக்கும் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் குருக்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அவர் பெயர், நட்சத்திரம் கேட்டார். சொன்னாள். ‘பிரசாதம் அனுப்ப அட்ரஸ், நம்பர் குடுங்கோ’ என்றார். கொடுத்தாள். ரேஷன் கடையில் கேட்டாலே யோசித்துக் கொடுப்பவள், குருக்கள் கேட்டதும் மொத்தத்தையும் கொடுத்துவிட்டாள். அவர் அர்ச்சனையை வீடியோ எடுத்து நெட்டில் போடுவார் என்று அவளுக்கு எங்கே தெரியும்!

நாம் மட்டும் என்னவாம்? பேங்கிலிருந்து ஃபோன் வந்தால் ‘ஓடிபி சொல்லமாட்டேன் போ’ என்று விரட்டுகிறோம். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் பேரன் பேத்தி வரைக்கும் பெயரும் நட்சத்திரமும் ஒப்பிக்கிறோமே!

சரி, அழிக்க முடியுமா? எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு வந்துவிட்டது. முதலில் என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். வந்தது பாருங்கள்... என் மகனின் ஜாதகம்! கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வரன் தளத்தில் போட்டது. ராசிக் கட்டம், சம்பளம், உயரம், ‘மாநிறம், நல்ல குணம்’, அம்மா என்று என் பெயர், என் நம்பர். அவனுக்குக் கல்யாணமாகி மகளே பள்ளிக்கூடம் போகிறாள். நான் இன்னும் அவனுக்குப் பெண் தேடிக்கொண்டிருக்கிறேன். மருமகள் பார்த்திருந்தால் என் கதி?

அந்தத் தளத்துக்கு ஃபோன் போட்டேன். “எடுத்துடுறோம் மேடம், வாழ்த்துக்கள். ரெண்டாவது பையன் யாராச்சும் இருக்காங்களா?” என்றார் எதிர்முனையில் ஒருவர். இல்லை என்றதும் குரலில் உற்சாகம் கம்மியாகிவிட்டது. ஆனாலும் நீக்கினார்கள்.

அடுத்து மாலதியின் விஷயம். விவரங்களை அழித்துத் தருகிறோம் என்று சொல்லும் சேவைகள் இருக்கின்றன. மாதச் சந்தா. உள்ளே போனால் பெயர், பழைய பெயர், முகவரி, பழைய முகவரி, பிறந்த தேதி, எல்லா நம்பரும் கேட்கிறார்கள். ஒளிந்துகொள்ள வேண்டுமா, முதலில் எல்லாவற்றையும் எங்களிடம் சொல்! அவர்களைத் தப்பு சொல்லவில்லை. எதை அழிப்பது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டுமே. ஆனால் பெரும்பாலும் ஆட்களின் விவரங்களை விற்றுக் காசு பார்க்கும் வெளிநாட்டுத் தளங்களைத்தான் துரத்துகிறார்கள். நம் பிள்ளையார் கோயில் வீடியோ அவர்கள் கணக்கிலேயே வராது.

தேடுதளத்திலேயே ஒரு வசதி இருந்தது. ‘என் முகவரியும் நம்பரும் தெரிகிறது, எடுங்கள்’ என்று விண்ணப்பிக்கலாம். காசு கிடையாது. இத்தனை வருஷம் தினமும் அதில் தேடுகிறேன், இதை ஒருநாளும் தேடியதில்லை! போட்டோம். ஆனால் படித்துப் பார்த்ததும் புரிந்தது – அவர்கள் தங்கள் பட்டியலிலிருந்துதான் எடுப்பார்கள். வீடியோ அங்கேயேதான் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் லாட்ஜுக்கு வழி காட்டும் போர்டை மட்டும் கழற்றுவது போல. வீடியோவை அழிக்க வேண்டுமென்றால் போட்டவரே அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடியோ தளத்துக்குப் புகார் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

“காத்திருக்க முடியாதுக்கா. அவரு எப்ப தேடுவாருன்னு யாருக்குத் தெரியும்?” என்றாள் மாலதி.

ஆட்டோ பிடித்தோம்.

குருக்களுக்கு நாற்பது வயது இருக்கும். கலகலப்பான மனிதர். சன்னதி வாசலில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஃபோன் ஸ்டாண்ட் ஒன்றும் நின்றிருந்தது.

“வாங்கோம்மா, வாங்கோ. பேரு, நட்சத்திரம்?”

“அர்ச்சனைக்கு வரல சாமி. போன பௌர்ணமிக்குப் போட்ட வீடியோவ எடுக்கணும்” என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. “ஏம்மா, உச்சரிப்புல ஏதாவது பிசகிடுத்தா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அட்ரஸு, நம்பரு எல்லாம் கீழ வந்திருக்கு.”

“அவா அனுப்பற மெசேஜ அப்படியே ஒட்டிடுவேன்மா. பேர் போடலேன்னா கோவிச்சுக்கறா. துபாய்லேந்து ஒருத்தர், என் பேரே வரலையே, யாருக்குப் பண்ணினேள்னு சண்டைக்கே வந்துட்டார். அதுலேந்து முழுசா போட்டுடறது.”

“சரிங்க, இந்த ஒண்ண மட்டும் எடுத்துடுங்க.”

அவர் கையைப் பிசைந்தார். “அம்மா, இது குழந்தை பேர்ல பண்ணின சங்கல்பம். ஆயுசுக்கும் ஆரோக்கியத்துக்கும் பண்ணினது. அத என் கையால அழிச்சு, நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட எனக்குத் தூக்கம் வராது. நீங்க பாட்டுக்கு எடுங்கோன்னு சொல்றேள்!”

நான் எதிர்பார்க்காத இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அவர் வீம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்தார். அவரைச் சம்மதிக்க வைக்க ஒரே வழிதான் இருந்தது – காரணத்தைச் சொல்வது. ஒரு விவரத்தை மறைக்க, அதைவிடப் பெரிய விவரத்தை இன்னொருவரிடம் அவிழ்க்க வேண்டும். சொல்வதா வேண்டாமா? என் வீட்டு ரகசியமாக இருந்தால் சொல்லியிருப்பேன். இது அவளுடையது. வாயை மூடிக்கொண்டேன்.

மாலதியே சொன்னாள்.

“குழந்தையோட அப்பா எங்கள தேடிட்டு இருக்காருங்க சாமி. அவருக்குத் தெரியாமதான் இங்க வந்து இருக்கோம். இத பாத்துட்டா வந்து தூக்கிட்டுப் போயிடுவாரு. அவரு கையில புள்ள சிக்கினா...”

குருக்கள் பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேஷ்டியில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார்.

“தீபாராதனை காட்டறோம். கற்பூரம் அணைஞ்சுடறது. அதுக்காக தரிசனம் இல்லேன்னு ஆயிடுமா? மந்திரம் அன்னிக்கே போய்ச் சேர்ந்துடுத்து. இது வெறும் பிலிம்தானே... அழிச்சுடலாம்.”

அதை எங்களுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. வீடியோ போய்விட்டது. அப்படியே மற்ற வீடியோக்களை மேலே மேலே தள்ளிப் பார்த்தார். எத்தனை குடும்பங்களின் வீட்டு வாசல்கள்! “ஈஸ்வரா” என்றார். ஒவ்வொன்றாக முகவரியை எடுக்க உட்கார்ந்தார். நாங்கள் கிளம்பும்போதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

வீடியோ போன பிறகும் தேடுதளத்தில் அந்த இரண்டு வரி மட்டும் நின்றது. கிளிக் செய்தால் ஒன்றுமில்லை, ஆனால் முகவரி தெரிகிறது. ‘இந்தப் பக்கம் இப்போது இல்லை, உங்கள் பட்டியலைப் புதுப்பியுங்கள்’ என்று சொல்ல அதற்கும் தனியாக ஒரு வசதி. அதையும் போட்டோம். தினமும் தட்டிப் பார்த்தோம். ஒருநாள் சாயங்காலம் மாலதி மாடியிலிருந்தே கத்தினாள்: “அக்கா, வரலக்கா! போயிடுச்சு!”

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த வீடியோவைப் பத்துச் சொச்சம் பேர் பார்த்திருப்பதாகக் காட்டியது. குருக்கள், தங்கை, மாலதி, நான்... மீதி யார்? அவர்களில் அவன் ஒருவனா? திரையில் இருப்பதை அழிக்க ஆயிரம் வழி இருக்கலாம். பார்த்தவன் மண்டையில் இருப்பதை எந்தக் கம்பெனியிடம் விண்ணப்பம் போட்டு அழிப்பது? வக்கீலிடம் சொல்லிவைத்தோம். பள்ளிக்கூடத்தில், எங்கள் இருவரைத் தவிர யார் வந்தாலும் குழந்தையை அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். புது நம்பரை மறுபடி மாற்றினாள். இவ்வளவும் செய்துவிட்டும், வாசலில் பைக் நின்றால் எனக்கு இப்போதும் பக்கென்கிறது.

நேற்று மாலதிக்கு வார விடுமுறை. “சாமிக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடலாங்க்கா” என்றாள். அதே கோயிலுக்குப் போனோம். குருக்கள் எங்களைப் பார்த்ததுமே ஃபோனை அணைத்து மடியில் செருகிக்கொண்டார்.

“ரெக்கார்டு கிடையாதும்மா. தைரியமா சொல்லுங்கோ. குழந்தை பேரு?”

மாலதி திரும்பிப் பார்த்தாள். பின்னால் கிரிவலம் வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள்.

“சாமி பேருக்கே பண்ணிடுங்க” என்றாள்.

அவர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டார். பிள்ளையார் பேருக்கே அர்ச்சனை நடந்தது. எனக்குத்தான் ஆறவில்லை. பெற்ற மகளின் பெயரைக் கோயிலில்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஒரு பெண் நிற்பதா? ஆட்டோவில் திரும்பும்போது பொறுக்காமல் கேட்டுவிட்டேன். “குழந்தை பேர சொல்லலியேன்னு உனக்கு மனசு கஷ்டமா இல்லையாம்மா?”

தேங்காய் மூடியை மடியில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

“இல்லக்கா. சாமிக்கு எங்க அட்ரஸ் தெரியும்.”

தெரியட்டும். அவர் ஒருத்தர்தான் யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதவர்!